பி.ஆர். துறைக்குப் போக ஆசை: இன்டர்ன்ஷிப் எங்கே செய்வது, எப்படித் தயாராவது?

#1 தல்லாகுளம்

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாவது செமஸ்டர் தொடங்குவதற்குள் ஒரு மாத இன்டர்ன்ஷிப் முடித்து ரிப்போர்ட் வைக்க வேண்டும். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் டிவி சேனலுக்கும் எஃப்.எம்.முக்கும் சொல்லி வைத்துவிட்டார்கள். எனக்கு பப்ளிக் ரிலேஷன்ஸ் பக்கம் போகத்தான் ஆசை. ஆனால் அங்கே இன்டர்ன் என்றால் என்ன வேலை கொடுப்பார்கள் என்று கேட்டால் எங்கள் சீனியர்களுக்கே தெரியவில்லை.

சென்னை ஏஜென்சிக்குப் போனால்தான் மதிப்பா, மதுரையிலேயே செய்தால் வீணா? ஆங்கிலம் படித்தால் புரியும், எழுதவும் ஓரளவு வரும், பேசத்தான் தடுமாற்றம். தமிழ் நன்றாக எழுதுவேன். அதற்கு இந்தத் துறையில் இடம் இருக்கிறதா? சம்பளமே கிடையாது என்றால் சென்னையில் தங்கும் செலவை வீட்டில் கேட்க முடியாது. இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அதற்குள் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோடம்பாக்கம்வாசி

வாம்மா. சென்னையில் ஏஜென்சியில்தான் வேலை பார்க்கிறேன். இன்டர்ன்களை எடுப்பதும் அவர்களுக்கு வேலை கொடுப்பதும் என் பொறுப்பில் வருகிறது. அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

முதல் சில வாரங்கள் உன் நாள் பேப்பரோடு தொடங்கும். எங்கள் கிளையன்ட் பெயர் எங்கே வந்திருக்கிறது, போட்டி நிறுவனம் பற்றி என்ன வந்திருக்கிறது, அந்தத் தொழிலைப் பாதிக்கும் அரசு அறிவிப்பு ஏதாவது உண்டா என்று ஆங்கில, தமிழ் நாளிதழ்களைப் புரட்டி, கிளையன்ட் ஆபீஸுக்குள் நுழையும் முன் மெயில் போக வேண்டும். இதை டிராக்கர் என்போம். அப்புறம் மீடியா லிஸ்ட். எந்தப் பத்திரிகையில் மருத்துவம் பார்ப்பவர் யார், யார் வேறு பத்திரிகைக்கு மாறிவிட்டார், யாருக்கு மெயில் பிடிக்கும், யாருக்கு வாட்ஸ்அப் போதும் என்று சரிபார்ப்பது. பிரஸ் மீட் என்றால் வாசலில் நின்று வருகிற நிருபர்களின் பெயரையும் பத்திரிகையையும் எழுதி வாங்கி, பிரஸ் கிட்டைக் கையில் கொடுப்பது. மறுநாள் பேப்பரில் வந்த கிளிப்பிங் சேகரித்து டாஸியர் கட்டுவது, அதாவது கிளையன்ட்டுக்குக் காட்டத் தொகுப்பாக ஆக்குவது.

இதெல்லாம் எடுபிடி வேலை என்று சில பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிராக்கரை ஒழுங்காகச் செய்தவளுக்கு ஒரு மாதத்தில் எந்தப் பேப்பர் எந்த மாதிரிச் செய்தியை எடுக்கும் என்ற கணக்கு மனதில் ஏறிவிடும். அது இல்லாமல் யாராலும் ஒரு செய்தியை நிருபரிடம் கொண்டுபோக முடியாது.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதே. நீ எழுதியதை உட்கார்ந்து திருத்தும் ஒருவர் அந்த இடத்தில் இருக்க வேண்டும். பெரிய ஏஜென்சியா, சின்னதா, சென்னையா, மதுரையா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இன்டர்வியூவில் தயங்காமல் கேள்: "நான் யாரிடம் ரிப்போர்ட் செய்வேன்? என் டிராஃப்ட்டை யார் பார்ப்பார்கள்? போன முறை வந்த இன்டர்ன் எழுதிய ஏதாவது ஒன்று வெளியே போயிருக்கிறதா?" இதற்குப் பதில் மழுப்பலாக வந்தால் அங்கே உனக்குக் கிடைப்பது சர்ட்டிபிகேட் மட்டும்தான்.

தமிழைப் பற்றிக் கேட்டாயே. எங்களிடம் வருபவர்களில் ஆங்கிலம் பேசுபவர்கள் நிறைய. தமிழில் ஒரு செய்திக்குறிப்பை, படித்தால் தமிழ் மாதிரி இருக்கும்படி எழுதுபவர்கள் ஆபீஸில் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆங்கில ரிலீஸை, அதாவது செய்திக்குறிப்பை, அப்படியே மொழிபெயர்த்து அனுப்பி அது பத்திரிகை டெஸ்க்கில் குப்பைக்குப் போவதைத் தினமும் பார்க்கிறேன். உன் பலம் அங்கேதான் இருக்கிறது.

#3 மாவட்டப்பக்கம்

தமிழ் நாளிதழ் ஒன்றில் மாவட்டப் பக்கங்கள் பார்க்கிறேன். மேலே சொன்னவரின் மெயில் வந்து சேரும் மேஜை எங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு வருகிற ரிலீஸ்களில் பாதியைத் தலைப்பைப் பார்த்ததுமே மூடிவிடுவோம். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தலைப்பில் செய்தி இருக்காது. நிறுவனத்தின் பெயரும் "மாபெரும்", "பிரம்மாண்ட" போன்ற சொற்களும்தான் இருக்கும். இன்னொரு பாதியில் செய்தி இருக்கும், ஆனால் நான்காவது பத்தியில் புதைந்திருக்கும்.

பி.ஆர். படிக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். தமிழ் ரிலீஸை பி.டி.எஃப். ஆக மட்டும் அனுப்பாதீர்கள். பல டெஸ்க்குகளில் பக்கம் கட்டுவது பழைய எழுத்துருக்களில். நீங்கள் யூனிகோடில் மெயிலுக்குள்ளேயே எழுத்தாக அனுப்பினால் கன்வெர்ட்டரில் போட்டு உடனே எடுத்துவிடலாம். பி.டி.எஃப்.பில் இருந்து நகல் எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். திரும்ப அடிக்க ஆள் இல்லாத நேரத்தில் அந்தச் செய்தி அப்படியே நின்றுவிடும். படத்தை வேர்ட் ஃபைலுக்குள் ஒட்டாமல் தனி ஃபைலாக அனுப்புங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் என்று இடமிருந்து வலமாக எழுதுங்கள். இதை ஒழுங்காகச் செய்கிற இன்டர்னின் பெயர் எங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பேப்பரில் இன்டர்ன்ஷிப் செய்துவிட்டு பி.ஆருக்குப் போவதும் நல்ல வழி. ஒரு மாதம் டெஸ்க்கில் உட்கார்ந்தால் எந்த ரிலீஸ் ஏன் விழுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

#4 கடைசிவரிசை

நான் கொஞ்சம் கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு ஏஜென்சியில் இரண்டு மாதம் இருந்தேன். பெயர் வேண்டாம். ஸ்டைபெண்ட், அதாவது மாத உதவித்தொகை, கிடையாது; பஸ் செலவும் என்னுடையது. கையில் போனைக் கொடுத்து ஒரு பட்டியலையும் கொடுத்தார்கள். காலையில் இருந்து மாலை வரை "சார், ரிலீஸ் அனுப்பினோம், கிடைத்ததா?" என்று கேட்பதுதான் வேலை. ரிலீஸில் என்ன இருக்கிறது என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது, ஏனென்றால் எனக்கு விளக்கவில்லை. நிருபர்கள் எரிச்சலில் திட்டுவார்கள். கடைசி நாளில் "சிறப்பாகச் செயல்பட்டார்" என்று ஒரு தாள்.

இன்டர்ன்ஷிப் என்ற பெயரில் ஒரு ஆளின் சம்பளத்தை மிச்சப்படுத்துகிறார்கள். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளால்தான் இதைத் தாங்க முடியும். தல்லாகுளம், செலவை வீட்டில் கேட்க முடியாது என்று சொல்கிறீர்கள். தயவுசெய்து முதலிலேயே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று நான் கேட்கவில்லை.

#5 மாவட்டப்பக்கம்

தம்பி, திட்டியவர்களில் நானும் ஒருவனாக இருக்கலாம். ஆனால் அந்தக் கோபம் உங்கள் மேல் இல்லை. "கிடைத்ததா" என்று மட்டும் கேட்கிற போன் எங்களுக்கு எந்த உபயோகமும் இல்லாதது. "சார், நாளைக்கு உங்கள் பகுதியில் இந்த விஷயம் நடக்கிறது, பேச டாக்டர் மூன்று மணிக்கு மேல் கிடைப்பார், படம் அனுப்பட்டுமா" என்று ஒருவர் கேட்டால் அதே நான் பேனாவை எடுத்துவிடுவேன். அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காமல் போனைக் கொடுத்தது அவர்கள் குற்றம்.

#6 கோடம்பாக்கம்வாசி

கடைசிவரிசை சொல்வது உண்மை. எங்கள் துறையில் இது நடக்கிறது, நடக்கக் கூடாது. வேலையில் பயன் எடுத்துக்கொண்டால் பணம் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. குறைந்தபட்சம் போக்குவரத்தும் சாப்பாடும்.

கேட்கும் விதம் இருக்கிறது. "ஸ்டைபெண்ட் எவ்வளவு?" என்று மெயிலிலேயே கேள், பதிலும் மெயிலில் வரட்டும். வேலை நேரம், பிரஸ் மீட் நாட்களில் இரவு தாமதமானால் வண்டி ஏற்பாடு உண்டா, வாரம் எத்தனை நாள் வீட்டிலிருந்து செய்யலாம் என்பதையும் கேள். டிராக்கர், மீடியா லிஸ்ட், மொழிபெயர்ப்பு எல்லாவற்றையும் மதுரையில் இருந்தபடியே செய்ய முடியும். பாதி நாள் அங்கிருந்து, பாதி நாள் சென்னையில் என்று ஒப்புக்கொள்கிற இடங்கள் இருக்கின்றன. இதைக் கேட்டதற்காக உன்னை வேண்டாம் என்கிற இடத்துக்கு நீ போகாமல் இருப்பதே நல்லது.

#7 கோவைப்பேராசிரியர்

இதழியல் துறையில் பாடம் எடுக்கிறேன். பணம் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று மாணவர்கள் வந்து கேட்கிறார்கள். தொடங்கியபோது இருந்த விதிப்படி அது 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்கு. முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் சேர முடியாது. அந்த விதிப்படி இரண்டாம் ஆண்டு மாணவிக்கு அது பொருந்தாது. பட்டம் முடித்த பிறகு பார்க்கலாம்.

படிக்க என்ன என்றால், ஜேம்ஸ் க்ருனிக்கும் டாட் ஹன்ட்டும் 1984-ல் வகுத்த நான்கு மாதிரிகளை வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். எப்படியாவது விளம்பரம் கிடைத்தால் போதும் என்பது முதலாவது. உண்மைத் தகவலைக் கொடுப்பது இரண்டாவது. மக்களைப் புரிந்துகொண்டு அவர்களை நம் பக்கம் இழுப்பது மூன்றாவது. இரு பக்கமும் பேசி நிறுவனமே தன்னை மாற்றிக்கொள்வது நான்காவது. இன்டர்ன்ஷிப்பில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வேலையும் இதில் எதில் விழுகிறது என்று தினமும் டைரியில் ஒரு வரி எழுதி வையுங்கள். தேர்வுக்காகச் சொல்லவில்லை. நான்காவது வகை வேலை எவ்வளவு அரிது என்பதும், அது நடக்கும்போது எப்படி இருக்கும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று. டாஸியர் கட்டும்போது செய்தி வந்த இடத்தை சென்டிமீட்டரில் அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதைப் போட்டு "இத்தனை லட்சம் மதிப்புள்ள கவரேஜ்" என்று எழுதச் சொல்வார்கள். ஏ.வி.இ. என்பார்கள். சிலர் அதை மூன்றால் பெருக்கவும் சொல்வார்கள். 2010-ல் பார்சிலோனாவில் கூடிய அளவீட்டு அமைப்புகளே இது பி.ஆரின் மதிப்பு ஆகாது என்று சொல்லிவிட்டன. சொன்னால் செய்யுங்கள், ஆனால் அதற்குக் கீழே உங்கள் குறிப்பாக ஒன்று சேருங்கள்: நாம் சொல்ல நினைத்த விஷயம் செய்தியில் வந்ததா, யார் படித்திருப்பார்கள், படித்தவர்கள் ஏதாவது செய்தார்களா.

#8 ஓய்வுபெற்றவன்

அரசு செய்தி மக்கள் தொடர்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த இழையில் எல்லோரும் ஏஜென்சியையே பேசுவதால் எழுதுகிறேன்.

மக்கள் தொடர்பு என்றால் தனியார் மட்டும் இல்லை அம்மா. ஒவ்வொரு கலெக்டர் ஆபீஸிலும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். கலெக்டரின் ஆய்வுக் கூட்டம், குறைதீர்க்கும் நாள், அமைச்சர் வருகை, வெள்ளம், புயல் என்றால் இரவு முழுவதும் அறிவிப்பு என்று அந்த வேலை ஓயாது. உங்கள் ஊரில் சித்திரைப் பொருட்காட்சி நடக்கிறதே, அதுவும் எங்கள் துறையின் வேலைதான். உதவி மக்கள் தொடர்பு அலுவலர் என்ற பணியிடம் இருக்கிறது. இதழியல் படித்தவர்கள் அதைக் குறிவைக்கலாம்.

அங்கே முறையான இன்டர்ன்ஷிப் எல்லா மாவட்டத்திலும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். துறைத்தலைவர் கடிதத்தோடு அலுவலரை நேரில் போய்ப் பார்த்துக் கேட்க வேண்டும். ஒரு வாரம் உட்கார அனுமதி கிடைத்தாலும் போதும். சட்டென்று வருகிற ஒரு தகவலை, தவறு இல்லாமல், யார் மனமும் புண்படாமல், கிராமத்துக்காரருக்குப் புரியும்படி பத்து வரியில் எழுதும் பழக்கம் அங்கேதான் கைவரும்.

#9 கடைசிவரிசை

சினிமா பி.ஆர்.ஓ. ஆவதற்கு இதே வழிதானா? பக்கத்து ரூம் நண்பன் கேட்கச் சொன்னான்.

#10 ஓய்வுபெற்றவன்

அதற்குப் படிப்பை விடப் பழக்கம்தான் வழி. 1958-ல் எம்.ஜி.ஆர். எடுத்த நாடோடி மன்னன் படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பு பார்த்த பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவரே அடிப்படையில் புகைப்படக்காரர், தகவல் சேகரிப்பவர். அவர் சேர்த்து வைத்த படங்களும் விவரங்களும் தமிழ் சினிமாவுக்கே ஆவணம் ஆகி, அரசே வாங்கிக்கொண்டது. உங்கள் நண்பர் அவரிடம் கற்க வேண்டியது அந்தக் குறிப்பெடுக்கும் பழக்கத்தை.

#11 சிங்காநல்லூர்

எல்லோருக்கும் வணக்கம், நான் மூன்றாம் ஆண்டு. கோவையில் ஒரு மருத்துவமனையின் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் பிரிவில் செய்தேன். ஏஜென்சியில் பல கிளையன்ட், ஓட்டம் அதிகம். இங்கே ஒரே நிறுவனம், ஆனால் ஆழமாகப் பார்க்கலாம். டாக்டர் பேசுவதைப் பதிவு செய்து வந்து, அதில் ஒரு மருத்துவச் சொல் கூட இல்லாமல் எழுதி, திரும்ப அவரிடம் காட்டி "தகவல் சரியா" என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு டாக்டர் என் டிராஃப்ட்டில் "குணமானது" என்று இருந்ததை அடித்துவிட்டு "கட்டுக்குள் இருக்கிறது" என்று எழுதினார். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நம்பி ஒரு நோயாளி ரயில் ஏறி வருவார் என்று சொன்னார்.

நோயாளியின் படமோ பெயரோ வந்தால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஒரு அடி நகர மாட்டார்கள். அதைக் கண்டிப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

#12 கோடம்பாக்கம்வாசி

நல்ல இடத்தைத் தொட்டாய். ரகசியம் காப்பது பற்றி இன்டர்ன்களிடம் முதல் நாளே பேசுவேன். எங்கள் கிளையன்ட்களில் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் உண்டு. அவர்களின் காலாண்டு முடிவு வெளியாகும் முன் அந்த ரிலீஸ் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015 விதிமுறைப்படி அது இன்னும் வெளியிடப்படாத, பங்கு விலையைப் பாதிக்கும் தகவல். யார் யாருக்குப் பகிர்ந்தார்கள் என்று அந்த நிறுவனம் பான் எண்ணோடு பதிவு வைத்திருக்க வேண்டும். "லாபம் இரட்டிப்பாமே" என்று மாமாவிடம் வாய்தவறிச் சொன்னால் கூட அது விளையாட்டு இல்லை. இன்டர்ன் என்பதால் விலக்கு கிடையாது. லேப்டாப் திரையை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போடுவது இந்தத் தலைமுறையின் பழக்கம். அதை முதல் நாளே விட்டுவிடு.

#13 தல்லாகுளம்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. போன வாரம் எங்கள் கல்லூரியில் என்.எஸ்.எஸ். சார்பில் ரத்த தான முகாம் நடந்தது. பேப்பருக்கு அனுப்ப என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இது என் டிராஃப்ட்டின் ஆரம்பம். கொஞ்சம் பார்த்துச் சொல்ல முடியுமா?

"எங்கள் கல்லூரித் தாளாளர் அவர்களின் நல்லாசியுடனும், முதல்வர் அவர்களின் சீரிய வழிகாட்டுதலின்படியும், நாட்டு நலப்பணித் திட்டம் சார்பில் மாபெரும் ரத்த தான முகாம் கல்லூரி வளாகத்தில் வெகு சிறப்பாக நடைபெற்றது. விழாவிற்கு முதல்வர் தலைமை தாங்கினார். துணை முதல்வர் முன்னிலை வகித்தார். என்.எஸ்.எஸ். அலுவலர் அனைவரையும் வரவேற்றார். திரளான மாணவ மாணவியர் ஆர்வத்துடன் கலந்துகொண்டு ரத்த தானம் செய்தனர்."

#14 மாவட்டப்பக்கம்

எழுத்து சுத்தமாக இருக்கிறது, பிழை இல்லை. அது பெரிய விஷயம். ஆனால் ஐந்து வாக்கியம் படித்தும் எனக்கு முகாமைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மேடையில் யார் உட்கார்ந்தார்கள் என்பதுதான் தெரிகிறது. "திரளான" என்றால் எத்தனை பேர்? ரத்தம் எங்கே போயிற்று? வந்த எல்லோராலும் கொடுக்க முடிந்ததா? முதல் முறையாகக் கொடுத்தவர் யாராவது உண்டா? என்.எஸ்.எஸ். அலுவலரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். அதற்கு மேல் பேசுவோம்.

#15 தல்லாகுளம்

கேட்டேன் சார். வந்தவர்கள் 112 பேர், கொடுத்தவர்கள் 71. அரசு மருத்துவமனை ரத்த வங்கியில் இருந்து வந்து எடுத்துப்போனார்கள். மீதி 41 பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதில் 33 பேர் மாணவிகள், எல்லோருக்கும் ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே. அதை எழுத வேண்டாம், நன்றாக இருக்காது என்று சொன்னார்கள்.

#16 மாவட்டப்பக்கம்

செய்தியே அதுதான் அம்மா.

ரத்தம் கொடுக்க ஆசையோடு வரிசையில் நின்ற 33 பெண் பிள்ளைகளின் உடம்பில் கொடுக்கப் போதுமான ரத்தம் இல்லை. இதை எந்தப் பக்கத்திலும் போடுவேன். உங்கள் தாளாளரின் நல்லாசியை எந்தப் பக்கத்திலும் போட மாட்டேன்.

#17 கடைசிவரிசை

ஆனால் சார், இதை வெளியிட்டால் "அந்தக் காலேஜ் ஹாஸ்டலில் சாப்பாடு சரியில்லை" என்றுதானே பேசுவார்கள்? பி.ஆர். என்றால் நிறுவனத்தின் பெயரைக் காப்பாற்றுவதுதானே? எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகு அவர் எப்படி எழுத முடியும்?

#18 கோடம்பாக்கம்வாசி

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தினமும் ஆபீஸில் நாங்கள் மல்லுக்கட்டுவதும் இதே இடத்தில்தான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தல்லாகுளம், அனுமதி இல்லாமல் இந்த எண்ணை எந்த நிருபருக்கும் அனுப்பாதே. நீ நிருபர் இல்லை. கல்லூரியின் சார்பில் எழுதுகிறவள். உள்ளே கிடைத்த தகவல் அவர்களுடையது. அதே சமயம் மறைத்துப் பொய் எழுதவும் கூடாது. "வந்த அனைவரும் ரத்தம் கொடுத்தனர்" என்று ஒரு வாக்கியம் போடச் சொன்னால் மறுத்துவிடு.

இரண்டுக்கும் நடுவில் உன் வேலை இருக்கிறது. முதல்வரைப் போய்ப் பார். போகும்போது எண்ணோடு மட்டும் போகாதே, ஒரு யோசனையோடு போ. அந்த 33 பேருக்கும் முழு ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, சில மாதம் கழித்து மறுபடியும் ஒரு பரிசோதனை என்று கல்லூரியே ஒரு முகாம் நடத்தலாம். அதை நடத்த முடிவு செய்தபின் செய்தி வெளியே போகட்டும். அப்போது "பிள்ளைகளுக்கு ரத்தசோகை" என்று வர வேண்டியது "ரத்தசோகையைக் கண்டுபிடித்து மாணவிகளைக் கவனிக்கும் கல்லூரி" என்று வரும். வார்த்தை ஜாலத்தால் இது நடக்காது. கல்லூரி உண்மையிலேயே அந்த முகாமை நடத்தினால்தான் நடக்கும். பேராசிரியர் சொன்ன நான்காவது மாதிரி இதுதான்.

முதல்வர் வேண்டாம் என்று சொன்னால் 71 பேர் கொடுத்ததை மட்டும் உண்மையாக எழுது. ஆனால் முகாம் யோசனையைக் கைவிடாதே.

#19 சிங்காநல்லூர்

ஒரு விஷயம் சேர்க்கிறேன். அந்த 33 பேரின் பெயரோ வகுப்போ எங்கும் வரக் கூடாது. முகாமில் எடுத்த படங்களில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் வரிசையில் நிற்கிற படம் இருந்தால் அதையும் அனுப்பாதீர்கள். யார் என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் "உனக்கு ரத்தமே இல்லையாமே, யார் கட்டிக்குவா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும் என்பது ரத்தம் கொடுப்பதற்கான அளவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று கணக்கு. அதனால் 33 பேருக்குமே ரத்தசோகை என்று எழுதிவிடாதீர்கள். "ரத்தம் கொடுக்கத் தேவையான அளவு இல்லை" என்பதுதான் சரி. மேலே ரத்தசோகை என்று எழுதிய கோடம்பாக்கம்வாசி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

#20 கோடம்பாக்கம்வாசி

கோபம் எதற்கு? இதைப் பிடிக்கிற ஆள்தான் எனக்கு ஆபீஸில் வேண்டும். படிப்பு முடிந்ததும் ஒரு மெசேஜ் போடு.

#21 தல்லாகுளம்

முதல்வரைப் பார்த்தேன். முதலில் "இது எதற்கு வெளியே" என்றுதான் சொன்னார். என்.எஸ்.எஸ். மேடம் கூட இருந்து, மாணவிகளுக்குப் பரிசோதனை முகாம் வைக்க ரத்த வங்கி டாக்டரே வருவதாகச் சொன்னதை எடுத்துச் சொன்னார். ஒத்துக்கொண்டார். வகுப்பு, விடுதி என்று எந்த விவரமும் வரக் கூடாது என்றார். இப்போது எழுதியது:

"ரத்த தானம் செய்ய வந்த மாணவிகளில் 33 பேருக்கு, தானம் செய்யத் தேவையான அளவு ஹீமோகுளோபின் இல்லாதது தெரியவந்ததை அடுத்து, மாணவிகள் அனைவருக்கும் ரத்தப் பரிசோதனை முகாம் நடத்த மதுரையில் உள்ள எங்கள் கல்லூரி முடிவு செய்துள்ளது. கல்லூரியில் அண்மையில் நடந்த முகாமில் 71 பேர் ரத்தம் வழங்கினர். 'ரத்தம் கொடுக்க முடியவில்லையே என்று அழுத பிள்ளைகளைப் பார்த்தோம். அவர்களை அப்படியே விட்டுவிட முடியாது' என்றார் முதல்வர்."

#22 மாவட்டப்பக்கம்

இது செய்தி. இரண்டு திருத்தம். "எங்கள் கல்லூரி" வேண்டாம், கல்லூரியின் பெயரைப் போடுங்கள்; செய்தியில் "நாங்கள்" என்று யாரும் இல்லை. "அண்மையில்" என்பதை எடுத்துவிட்டுத் தேதியைப் போடுங்கள். முதல்வர் அந்த வாக்கியத்தை உண்மையிலேயே சொன்னாரா? சொல்லியிருந்தால் அருமை. நீங்களே எழுதியிருந்தால் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ரத்த வங்கி டாக்டரிடமும் 33 என்ற எண்ணை ஒருமுறை சரிபாருங்கள். நாங்களும் அவரைக் கூப்பிட்டுக் கேட்போம்.

மதியம் மூன்று மணிக்குள் உங்கள் பகுதி நிருபருக்குப் போய்விட வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் போன் செய்யாதீர்கள், பக்கம் கட்டும் நேரம்.

#23 தல்லாகுளம்

அவர் சொன்னதுதான் சார், நான் டைரியில் எழுதி வைத்திருந்தேன். மற்றதைத் திருத்திவிட்டேன். இன்டர்ன்ஷிப்புக்கு மதுரையிலேயே ஒரு மருத்துவமனையின் மக்கள் தொடர்புப் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறேன். வீட்டிலிருந்து போய் வரலாம். என் டிராஃப்ட்டை யார் பார்ப்பார்கள் என்று மெயிலிலேயே கேட்டிருக்கிறேன். இந்த ரிலீஸை போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா?

#24 கோடம்பாக்கம்வாசி

கட்டாயம் வை. தாளாளர் நல்லாசியோடு எழுதிய முதல் டிராஃப்ட்டையும் அதற்கு முன்னால் வை. நடுவில் அரைப்பக்கத்தில் என்ன கேட்டாய், யாரிடம் கேட்டாய், எதை எழுதாமல் விட்டாய், ஏன் என்று எழுது. செய்தி வந்தால் கிளிப்பிங்கை ஒட்டு, வராவிட்டாலும் பரவாயில்லை. நான் இன்டர்வியூவில் அந்த அரைப்பக்கத்தைத்தான் முதலில் படிப்பேன். கல்லூரியிடம் கேட்டுவிட்டு, அந்த 33 என்ற எண் வெளியே போன பிறகு மட்டும் போர்ட்ஃபோலியோவை யாருக்கும் அனுப்பு.